சந்தனம் தின்ற பாட்டுப் பெட்டி

இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை என்று ஞானசேகரன் ரவுட்டரின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். கற்பூரம் ஏற்றி அடிக்கத்தான் நினைத்தார். பிளாஸ்டிக் உருகிவிடுமே என்று விட்டுவிட்டார்.

சாட்சிக்கு இருந்தவர் ரஃபியுதீன். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி, கடலூரில் எலக்ட்ரிக்கல் கடை. சிதம்பரத்துக்கு ஒரு வேலையாக வந்தவர், வந்ததும் வராததுமாக, "வூட்ல பேச்சு வந்துடுச்சா மச்சான்?" என்று கேட்டார். அதற்குத்தான் இந்தச் சத்தியம்.

பேச்சு நின்றுபோனது ஆயுத பூஜையால்.

ஞானசேகரன் தன் கேசட் பாட்டுகளை எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க் பெட்டியில் ஏற்றி ஹால் அலமாரியில் வைத்திருந்தார். போனைத் தொட்டால் போதும். பெட்டியிலிருந்து பாட்டு வைஃபை வழியாகக் கிளம்பி, ஹால், படுக்கையறை, சமையலறை என்று சொன்ன இடத்து ஸ்பீக்கரில் போய்ப் பாடும். இன்வெர்ட்டர் வாங்கித் தருகிறேன் என்று மனைவி புஷ்பவள்ளியிடம் சொல்லிவிட்டுப் போனவர், வாங்கி வந்தது அந்த ஸ்பீக்கர்களைத்தான்.

பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு. பெட்டியின் கேபிளைக் கழற்றி வைத்திருந்தார்.

அரிவாள்மனை, மிக்சி, தையல் மெஷின், ஸ்கூட்டர் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த புஷ்பவள்ளி, பெட்டியைப் பார்த்தார். புருஷனுடைய ஆயுதம் இது ஒன்றுதான் என்று கொஞ்சம் ஜாஸ்தியாகவே சந்தனத்தை வழித்தார். பொட்டு நிற்கத் தோதாக இருந்த ஒரே பள்ளத்தில் அப்பினார்.

அது கேபிள் செருகும் வாய்.

மறுநாள் ஞானசேகரன், "பூசறதுக்கு இது என்னா உங்கப்பன் வூட்டு உரலா?" என்று கேட்டுவிட்டார். கீரப்பாளையத்தில் சிவனே என்று இருக்கும் மாமனாரை இழுத்திருக்க வேண்டாம்.

ரஃபியுதீன் வந்து ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். பெட்டி பாடியது. புஷ்பவள்ளி பேசவில்லை.

சொல்ல வேண்டியதை எல்லாம் ஃபிரிட்ஜிடம் சொன்னார். "சோறு ஆறுதுன்னு சொல்லு." "கேஸ்காரன் வந்தா எழுந்து போயி பாக்கச் சொல்லு."

முதலில் வாய் திறப்பவர் தோற்றவர் என்பது அந்த வீட்டுச் சட்டம். கல்யாணமான நாளிலிருந்து ஞானசேகரன் தோற்றதில்லை. ஆனால் இந்த முறை நாள் நீண்டுகொண்டே போனது. ஃபிரிட்ஜைப் பார்த்தாலே அவருக்குப் பொறாமையாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும். ஹாலில் உட்கார்ந்து போனில் ஒரு நாதஸ்வரத்தைத் தொட்டார்.

ஹால் ஸ்பீக்கர் கம்மென்று இருந்தது. படுக்கையறையில் தவில் கேட்டது.

இது என்ன கூத்து என்று எழுந்து போனார். அவர் உள்ளே நுழைந்ததும் அங்கே நின்று, குளியலறையில் கேட்டது. குளியலறையில் ஸ்பீக்கரே கிடையாது. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். வாளிக்குள் இல்லை.

நாதஸ்வரம் அவருக்கு முன்னால் நடந்து சமையலறைக்குப் போனது. சாமி புறப்பாட்டுக்குப் பின்னால் போகிறவரைப் போல இவரும் போனார்.

புஷ்பவள்ளி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

அலமாரி மேல் இருந்த ஸ்பீக்கர் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு ஞானசேகரனின் குரலிலேயே பேசியது.

"புஷ்பா, அன்னிக்கு நான் பேசுனது தப்பு. உங்கப்பாவ இழுத்திருக்கக் கூடாது."

ஞானசேகரன் வாய் நிறைய அப்போது வெற்றிலை. அவர் பேசியிருக்க வழியே இல்லை. இதை ரஃபியுதீனிடம் இரண்டு தடவை சொன்னார்.

புஷ்பவள்ளி கீரைத் தட்டைக் கீழே வைத்தார். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜையும் பார்க்கவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா வாயிலேர்ந்து முத்தா உதுந்துடும்?"

ஸ்பீக்கர் சும்மா இருந்திருக்கலாம். "இன்வெர்ட்டரும் வாங்கித் தரேன்" என்றது. அளவுக்கு மீறிப் போகிறதே என்று ஞானசேகரன் அதன் வாயைப் பொத்தக்கூடப் போனாராம். எட்டவில்லை.

"ஆக, மொதல்ல பேசுனது ஸ்பீக்கரு. ரெண்டாவது அவ. நான் மூணாவது ஆளு பாய்" என்று முடித்தார்.

ரஃபியுதீன் அந்த ஸ்பீக்கரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் தொங்கிய ஒயரைப் பிடித்துக்கொண்டே, அது செருகியிருந்த சுவர் பிளக் வரை போய்த் திரும்பினார்.

"சந்தனம் கொஞ்சம் உள்ளாறயே நின்னுபோச்சு மச்சான். அதான் இவ்ளோ குளுமையா பேசியிருக்குது."

ஞானசேகரன் அதை ஒப்புக்கொண்டார். தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இத்தனை நேரமும் புஷ்பவள்ளி ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டபடி எதையோ தேடிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. தலையை வெளியே எடுத்து, "ஏங்க, அண்ணனுக்கு டீயில சக்கர போடலாமான்னு கேளுங்க" என்றார். புருஷனைப் பார்த்துத்தான் சொன்னார்.

போடலாம் என்றார் ரஃபியுதீன். டீயைக் குடித்துவிட்டு, வாசலில் ஆட்டோவில் காத்திருந்த புது இன்வெர்ட்டரை இறக்கப் போனார்.

போன செவ்வாய்க்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புக்காக, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை சிதம்பரம் முழுக்கக் கரண்ட் இல்லை.