புகைத் தாத்தா

கோமதிநாயகம் முப்பது வருடம் சினிமாவில் பேயாகவே நடித்தவர். குழந்தைகள் இப்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடி, பயமுறுத்தும் முகங்களையெல்லாம் புகையாக மறைத்துவிடும். அப்படி மறைக்கவேண்டிய முகங்களின் பட்டியலில் அவர் முகமும் இருந்தது. பேத்தி நறுமுகைக்குப் பிறந்ததிலிருந்தே அவர் புகைத் தாத்தா.

மகள் வடிவு அலையாய் அலைந்து, பட்டியலிலிருந்து அவரை ஒருவழியாக எடுக்கவைத்தாள். அன்று அவர் காலையிலிருந்து சாதுவாகச் சிரித்துப் பழகிக்கொண்டு, பேத்தியின் முன்னால் வந்து நின்றார்.

குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. "யாரும்மா இவரு? என் புகைத் தாத்தா எங்க?"

"தாத்தாதான்டி, நல்லாப் பாரு."

"இல்ல!" உதடு பிதுங்கியது.

ஊரையே அலறவைத்தவருக்கு அந்த விசும்பல் தாங்கவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"இங்கதான் இருக்கேன், தங்கம்."

குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. பழகிவைத்த சிரிப்பைத் துண்டுக்குள்ளேயே சிரித்தார்.