புது சைலன்சர் மாட்டிய இன்ஜின்

மெக்கானிக் கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு நகர்ந்ததும், பைக்கில் புதிதாக மாட்டப்பட்ட சைலன்சர் இன்ஜினிடம் சொன்னது: "அண்ணே, இப்ப நல்லா மூச்சை இழுத்து விடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

இன்ஜின் மூச்சை விட்டது. கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இன்ஜினுக்கே நம்ப முடியவில்லை.

"இது என் குரலா?"

"உங்க குரல்தாண்ணே. பழைய சைலன்சர் உங்களைப் பொத்தியே வெச்சிருந்தான்."

பைக் பெரிய சாலைக்கு வந்ததும், போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஜினுக்குக் குஷி தாங்கவில்லை. இன்னும் பலமாக உறுமியது.

அப்போது கீழேயிருந்து செயின் கூப்பிட்டது. "அண்ணே, நான் லூசாயிட்டேன். கொஞ்சம் மெதுவாப் போங்க."

முன்பெல்லாம் செயின் லேசாகக் கிறீச்சிட்டாலே, "என்னப்பா ஆச்சு?" என்று இன்ஜின் விசாரிக்கும். இன்று எதுவும் காதில் விழவில்லை. செயின் உயிரைக் கொடுத்துக் கத்தியது.

"கீழே யாரோ கத்துற மாதிரி இருக்கே?" என்றது இன்ஜின்.

"உங்களைப் பாராட்டுறாங்கண்ணே," என்றது சைலன்சர்.

மேம்பாலத்தில் ஏறும்போது செயின் கழன்று சாலையில் விழுந்தது. பைக் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஓட்டியவர் பதறிப்போய் ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தார். இன்ஜினுக்கு உடம்பே காற்றாகிவிட்டது போலிருந்தது.

"தம்பி, ஏற்றமே தெரியலையே. என்ன வேகம் பாத்தியா?"

"பறக்கிறோம்ணே," என்றது சைலன்சர்.

தேங்காய் மூட்டை ஏற்றிய சைக்கிள் ஒன்று, மணியடித்தபடி அவர்களைத் தாண்டிப் போனது.