இருபது காட்டிய மீட்டர்

ஒரு காரில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போ ஒன்று இருந்தது. அது ஊதும் அழுத்தத்தை அளக்க, கார்க்காரர் இன்பசேகர் இரண்டு மீட்டர்களை மாட்டினார். ஓட்டிப் பார்த்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதாக எண்ணம்.

மலையேற்றத்தில் கார் திணறியது. டர்போ மூச்சைப் பிடித்து ஊதியது.

"எவ்வளவு வருது?" என்று கேட்டது.

"இருபது அண்ணே," என்றது பளபளப்பான பெரிய மீட்டர்.

"பதினொண்ணுதான் அண்ணே. எங்கேயோ காத்து கசியுது," என்றது சின்ன மீட்டர்.

டர்போவுக்குச் சுருக்கென்றது. அதன்பின் சின்னதோடு அது பேசவே இல்லை.

பாதி மலையில், டீக்கடை முன் இன்பசேகர் காரை அணைத்தார். ஓய்ந்து நின்ற டர்போ விளையாட்டாகக் கேட்டது: "இப்போ எவ்வளவு?"

"இப்பவும் இருபதுதான் அண்ணே," என்றது பெரியது.

ஊதாமல் நிற்கும்போதும் இருபதா என்று டர்போவுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்பசேகரும் இருபதிலேயே நின்ற அதன் முள்ளைப் பார்த்துவிட்டார். பெரியதைக் கழற்றிப் போட்டார். ஏறும்போது சின்னது பதினொன்றே காட்டியது நினைவுக்கு வர, பானட்டைத் திறந்து, தளர்ந்திருந்த ரப்பர் குழாயை இறுக்கினார்.

கார் மறுபடி ஏறத் தொடங்கியது.

"தம்பி, இப்போ?" டர்போ தயங்கித் தயங்கிக் கேட்டது.

"பதினாறு அண்ணே," என்றது சின்னது.

மீதி மலை முழுக்க டர்போ விசிலடித்துக்கொண்டே போனது.