கோல்கீப்பரின் ஷூ லேஸ்

எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நிறைமதியின் ஷூ லேஸ் ஆட்டத்தின் நடுவில் ஏன் அவிழ்கிறது என்று இளம்பரிதிக்குப் புரியவேயில்லை. அவன் இயற்பியல் மாணவன். பந்து பக்கத்தில் வந்தாலே விலகி நிற்பவன். அவளோ கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். தடித்த கையுறையோடு லேஸ் கட்ட முடியாது. கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்கும் ஜெரோமிடம் காலை நீட்டுவாள். அவன் முட்டி போட்டுக் கட்டிவிடுவான். அவள் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். கேலரியில் இவனுக்கு வயிறு எரியும்.

இன்று இடைவேளையில் இறங்கிப் போய்க் கேட்டேவிட்டான். “வேணும்னே அவிழ்த்து விடுறியா?”

“லூசு! தடுக்கி விழுந்து கோல் வாங்கினா கோச் என்னைத்தான் கிழிப்பாரு. அவ்வளவு எரிஞ்சா நீயே கட்டேன்.”

ஜெரோம் சிரித்தான். “வாங்க விஞ்ஞானி, முட்டி போடுங்க.”

இளம்பரிதி புல்லில் முட்டி போட்டான். ஜெரோம் கட்டிய முடிச்சின் வளையங்கள் குறுக்கே படியாமல் விரல் பக்கமாகத் திரும்பிக் கிடந்தன. மெல்லப் பிரித்துப் பார்த்தான். கீழ் முடிச்சு, மேல் முடிச்சு இரண்டும் ஒரே பக்கம் சுற்றியிருந்தன. ஒவ்வோர் அடியும் அதை இளக்கியிருக்கிறது. மாற்றிக் கட்டினான்.

“அடுத்த மேட்ச்சுக்கு யார் கட்டுறது, நீங்களா நானா?” என்றான் ஜெரோம்.

பதிலுக்காக நிறைமதி இவனையே பார்த்தாள். முடிச்சில் இருந்த தவறைச் சொல்லாமல் இருந்தால் ஒவ்வோர் ஆட்டத்திலும் தானே வந்து கட்டலாம் என்று இளம்பரிதிக்குத் தோன்றத்தான் செய்தது.

“யாரும் வேணாம்,” என்று அவளிடம் சொன்னான். “கையுறை போடுறதுக்கு முன்னாடி நீயே கட்டிக்கலாம். கீழ் முடிச்சுல வலது லேஸ் மேல போனா, மேல் முடிச்சுல இடது மேல போகணும். அப்புறம் அவிழாது.”