மரப்பலகையில் ஒரு கை

பிரிட்ஜ்வாட்டர் வீட்டின் டிவி மீது மத்தியான வெயில் சரிந்து விழுகிறது. நைரோபியின் சாப்பாட்டுக் கடைகளைப் படமெடுத்துத் திரும்பியிருக்கும் மாதவ், சந்தை, சோளமாவுக் களி, கீரை என்று பொறுக்கிய படங்களைத்தான் ஐபேடிலிருந்து டிவி திரையில், அசைவம் தொடாத மாமனார் பிச்சுமணிக்குக் காட்டுகிறான். பிச்சுமணியோ ஐபேடைக் கையில் வாங்கிக்கொண்டு தானே தள்ளிப் பார்க்கிறார். நீக்க மறந்த ஒரு படம் திரையில் வந்து நிற்கிறது. கரியில் வாட்டிய ஆட்டிறைச்சித் துண்டுகள் மரப்பலகையில் நெய்யாய் மினுங்க, சுற்றிலும் ஐந்தாறு கைகள். “முதலில் எங்களோடு சாப்பிடு, அப்புறம் படமெடு” என்று கடைக்காரரே கேமராவை வாங்கி எடுத்த படம். முகம் எதுவும் விழவில்லை. ஓரத்துக் கையில் மட்டும் நவரத்தின மோதிரம். கல்யாணத்தில் மாமனார் அவனுக்குப் போட்டது.

“ஒரே பலகையிலயா எல்லாரும் சாப்பிடறா?” பிச்சுமணி இரு விரலால் படத்தைப் பெரிதாக்குகிறார்.

“அங்க அப்படித்தான் மாமா. நெக்ஸ்ட் போங்கோ.” மாதவ் வலது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொள்கிறான். மோதிரம் சதையில் அழுந்துகிறது.

மாமியார் மீனாக்ஷி கோயில் லட்டோடு வந்து நிற்கிறாள். “பிரசாதம் மாப்ளே, கைய நீட்டுங்கோ.”

அவன் இடது கையை நீட்டுகிறான்.

“பிரசாதத்தப் போய் இடது கையிலயா?” சிரித்தபடி காத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் டிவி திரையில் மோதிரம் சாப்பாட்டுத் தட்டளவுக்குப் பெருத்திருக்கிறது.