இரண்டு பெயர்கள்

கை கழுவ எழுந்திருக்கலாமா என்று தௌஹீத் கேட்டான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருடைய கையும் அப்படியே நின்றது. சொந்த வீட்டில், பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா அது? நான்கு வருடச் சிறை அவனை அப்படிப் பழக்கியிருந்தது.

"போய்யா, போய் கழுவிக்கினு வா," என்றாள் மரியம் பீவி.

புதுவாயலில், நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு. லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்றைய விருந்தில் வெளியாள் சுகிர்தா மட்டும்தான். உளவுத்துறையைத் துருவித் துருவி எழுதியே இரண்டு பத்திரிகைகளில் வேலை இழந்தவள். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கட்டிய கணவனிடம்கூடச் சொல்லாதவள்.

கும்மிடிப்பூண்டி ஆலையொன்றில் வெல்டராக இருந்த தௌஹீத்தைத் தீவிரவாதி என்று பிடித்துப் போனார்கள். பெயர் மறைக்கப்பட்ட ஒரு சாட்சியின் வாக்குமூலம்தான் ஆதாரம். அந்தச் சாட்சி என்ன சொல்ல வேண்டுமென்று உளவு அதிகாரி ஒருவர் வரி வரியாகச் சொல்லிக்கொடுக்கும் ஒலிப்பதிவு சுகிர்தாவிடம் வந்து சேர்ந்தது. அதிகாரியின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொன்ன குரலை நீக்கிவிட்டு அவள் அதை வெளியிட்டாள். வழக்கு நிற்கவில்லை; தௌஹீத் விடுதலையானான்.

மரியம் பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டே பேரு சொல்லு கண்ணு. எம் புள்ள மேல பொய் சொன்னவன் யாரு? அந்த டேப்ப உங்கிட்ட குடுத்த மவராசன் யாரு?"

"அத மட்டும் கேக்காதீங்கம்மா. யாரா இருந்தாலும் நான் சொல்றதில்ல."

மரியம் பீவியின் மகள் பர்ஹானா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கணவன் அர்ஷத் எல்லோருக்கும் இறால் பரிமாறிக்கொண்டிருந்தான். நான்கு வருடம் செல்போன் கடையைப் பூட்டிப் பூட்டி வைத்துவிட்டு, மைத்துனனுக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தவன்.

"பேரு இல்லாங்காட்டி இன்னா, அல்லாவுக்குத் தெரியும்," என்று மரியம் பீவி இரு கைகளையும் ஏந்தினாள்.

முதலில், ஒலிப்பதிவைக் கொடுத்தவனுக்காக வேண்டினாள். அவன் பிள்ளைகுட்டிகளோடு நீடூழி வாழ வேண்டும். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். அர்ஷத்தின் உதடு மட்டும் அசையவில்லை.

அடுத்து, பொய் சொன்னவன். அவன் நாக்கு அழுக வேண்டும். அவன் வம்சம் அற்றுப்போக வேண்டும்.

யாரும் வாய் திறக்கவில்லை. தௌஹீத்கூடத் தரையைத்தான் பார்த்தான்.

"ஆமீன்," என்றான் அர்ஷத், பிசிறில்லாமல்.

மரியம் பீவி மருமகனின் முதுகை ஆறுதலாகத் தடவிக் கொடுத்தாள்.

ஒலிப்பதிவிலிருந்து சுகிர்தா நீக்கிய குரல், ஆமீன் சொன்ன இந்தக் குரல்தான். போன வருடம் இதே புதுவாயல் சந்திப்பில், ஒலிப்பதிவு இருந்த போனை அவள் கையில் திணித்து, "எம் பேரு வேணாங்கா, அவன் வெளிய வந்தா போதும்," என்று அழுததும் அந்தக் குரல்தான்.