கசிந்த சோடா இயந்திரம்

என் கணவர் ஹார்லன் இறந்த பிறகு, அவர் எங்கள் அலபாமா தேவாலயக் கூடத்துக்குக் கொடுத்திருந்த பழைய சோடா இயந்திரம் கசிந்தது. மருந்து வாடை அடித்தது. அதைத் தூக்கி எறியப் போவதாகப் புதுப் போதகர் சொன்னார். அவர் நினைவாக அங்கே மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

“நாலு டீக்கனுங்க கதவைச் சாத்திக்கிட்டு வாரம் பூரா ரிப்பேர் பாத்தும் நிக்கலையா?” என்றார் போதகர்.

“குறைஞ்சிருக்கு பாஸ்டர்,” என்றார் சபை நிர்வாகத்தில் உதவும் டீக்கன்களில் ஒருவரான கிளைட். “இன்னும் ரெண்டு நாள்ல தானா நின்னுடும்.”

போதகர் கசிவில் விரலை நனைத்து முகர்ந்தார். பிறகு நக்கினார்.

“எறிய வேணாம் சிஸ்டர். இனிமே நானே பாத்துக்கறேன்.”

கண்கலங்கி நன்றி சொன்னேன். அவர்கள் போனதும் நானும் விரலை நனைத்தேன்.

சாகும்வரை எங்கள் ஊர் மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவராக இருந்த என் கணவர், உள்ளே விஸ்கி ஒளித்து வைத்திருந்தார்.

நல்ல விஸ்கி.